கதவு திறக்காத பெட்டி

வண்டி வளைவில் தலைகாட்டுவதற்குள் அவர் நடைமேடையின் பின்கோடிக்கு நடந்துவிடுவார். அங்கே ஒரு கம்பித் தடுப்பு. அதற்கு அப்பால் கால்வாய்ப் பாலம். வண்டி நின்றதும் முதல் இரண்டு பெட்டிகளின் கதவுகள் திறக்கும். மூன்றாவது பெட்டி பாலத்தின் மேலேயே நின்றுவிடும். அதன் கதவு திறக்காது. உள்ளே யாராவது பச்சைப் பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்குவார்கள். அவர் கையை முன்னே நீட்டி, வட்டமடித்துத் திருப்பிக் காட்டுவார். அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பி வரச் சொல்கிறார்.

இங்கிருந்து ஏறுகிறவர்களையும் சும்மா விடமாட்டார். "திரும்பி வர்றப்ப முன்பெட்டியில ஏறிக்குங்க. மறந்தீங்கன்னா கால்வாய்லதான் குதிக்கணும்." சொல்லிச் சொல்லி அவருக்கு முன்பெட்டியார் என்றே பேர் விழுந்துவிட்டது. கோபம் வந்தால் வீட்டுக்காரியும் அப்படித்தான் கூப்பிடுகிறாளாம்.

நிலைய உதவியாளர் வேலை. சட்டைப்பையில் ஒரு ஊதல், அதை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை. தோளில் ஒரு துணி. சீட்டு இயந்திரத்தின் முகத்தைக் குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல அதனால் துடைத்துவிடுவார். அவருக்கு ஆகாத ஒரே காரியம், மூடும் கதவில் கை வைப்பது. ஒருமுறை ஓர் ஆசாமி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்த மனைவிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது உங்க வீட்டுக் கதவு இல்லீங்க. ஒருத்தருக்காக வண்டியே நிக்கணுமா?" என்று கையை எடுக்க வைத்தார். கணவர் வண்டியோடு போக, அந்த அம்மாள் அடுத்த வண்டி வரும்வரை முன்பெட்டியாரை வைத வசவை, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள் நிலையத்து வாசல் டீக்கடையில் இருந்தவர்கள்.

நிலையத்தின் கதையை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். முதலில் இது செங்கல் சூளைக்கான சரக்கு நிறுத்தம். சூளை மூடியபின் ஆள் ஏற்றும் ரயில் வந்து, அதுவும் நின்றுபோய், தண்டவாளத்தில் ஆடு மேய்ந்தது. பிறகுதான் சின்ன ரயில் வந்தது. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் சாலை. இடையில் கிடைத்த இடத்தில் ஒரே நடைமேடை, இரண்டு பக்கமும் தண்டவாளம். அப்போது வண்டிக்கு இரண்டே பெட்டி. கூட்டம் கூடியதும் மூன்றாவதைக் கோத்தார்கள். நடைமேடை வளரவில்லை.

சின்ன ரயில் ஓடத் தொடங்கிய நாளில்தான் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். கொடியும் கூட்டமுமாக இருந்த நிலையத்தை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. "என் பொண்ணைவிட உனக்கு வண்டிதான் பெருசாப் போச்சு" என்றாள் அக்கா. அதோடு பேச்சு நின்றது. தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவள்.

வருஷங்கள் கழித்து அவளே ஃபோன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வரேன். அப்படி என்னதான் இருக்கு உன் ஸ்டேஷன்ல, பாத்துடறேன்." அவருக்குத் தலைகால் புரியவில்லை. முழங்கால் வலி இருக்கிறதே, படி ஏற வேண்டாம், லிஃப்ட் இடதுபக்கம் இருக்கிறது என்றார். குடிதண்ணீர் எங்கே, கழிவறைச் சாவி யாரிடம், நிழலில் எந்த நாற்காலி என்று எல்லாம் சொன்னார். ஊரில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்கிற ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மூன்றாவது பெட்டியில் இருந்தாள். கையில் பையோடு எழுந்து வந்து கதவருகே நின்றாள். பொத்தானை அமுக்கினாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவர். கூப்பிட்டார், கண்ணாடிக்குள் கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல், எல்லாருக்கும் காட்டுகிற மாதிரியே கையை நீட்டி வட்டமடித்துக் காட்டினார். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள், திறக்காத கதவைப் பார்த்தாள். வண்டி நகர்ந்தது.

"ஓடிப்போய் முன்பெட்டியில ஏறியிருக்கலாம். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அவ பையை வாங்கியிருக்கலாம்" என்பார் இப்போது. அன்று ஏறவில்லை. பணி நேரம். எதிர் வண்டியில் வந்துவிடப் போகிறாள் என்று நின்றுவிட்டார்.

வரவும் வந்தாள். இந்த முறை முன்பெட்டியில்தான் உட்கார்ந்திருந்தாள். கதவு அவருக்கு நேர் எதிரே திறந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, இறங்குக்கா."

"நீ அங்கயே நின்னு பாத்துட்டிருந்தே இல்ல? பாத்தது போதும்டா. நான் வீட்டுக்குப் போறேன்."

அவர் ஒரு கையைக் கதவில் ஊன்றிக்கொண்டு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவு மூடுவதற்கான மணி ஒலித்தது. பழகிய கை தானாக விலகிவிட்டது.

அப்புறம் எத்தனையோ முறை ஃபோன் செய்து பார்த்தார். யாராவது எடுத்து, அம்மா தூங்குகிறாள் என்பார்கள். போன மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனாள். சாவு வீட்டுக்குப் போனார். அக்கா மகள் "வாங்க மாமா" என்று நாற்காலி போட்டாள். அதற்குமேல் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு பேர் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் கால்வாயில் இரும்புத் தூண் இறக்கி நடைமேடையை நீட்டிவிட்டார்கள். கம்பித் தடுப்பை அறுத்து எடுத்துப்போன அன்று, இனிமேல் உமக்கு என்ன வேலை என்று டீக்கடைக்காரர் கேலி செய்தார். அவரும் சிரித்துவைத்தார்.

மறுநாள் காலை முதல் வண்டி வந்தபோது அவர் பழையபடி பின்கோடியில்தான் நின்றார். மூன்றாவது பெட்டியின் கதவு திறந்தது. ஒரு இளைஞன் கொட்டாவி விட்டபடி இறங்கி, அதில் அதிசயம் ஏதும் இல்லாதவன்போல லிஃப்டை நோக்கிப் போனான். அவனுக்குப் பின்னால் பெட்டி காலி. மணி ஒலித்தது. முன்பெட்டியார் மூட வந்த கதவில் கையை வைத்தார். கதவு முட்டியது, பின்வாங்கியது, மறுபடி முட்டியது. ஓட்டுநர் முன்னாலிருந்து தலையை நீட்டி, "யாராவது வரணுமா, முன்பெட்டியாரே?" என்று கேட்டார்.

அவர் காலிப் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை.