ஒரு விரலுக்கு மூன்று பேச்சு

டாக்டர் நிமிர்த்திய விரல் மறுபடி மடங்கினால் திட்டு வாங்குவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. அதைக் கை தெரப்பி என்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் பல வருஷமாக அதைத்தான் செய்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களே, மணியம் அங்கிள் போல உங்களிடமும் ஒருவர் இருப்பார்.

வேணும்னா

அங்கிள் கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். உள்ளங்கைத் தோலுக்கடியில் இருக்கும் சவ்வு பட்டைபோலத் தடித்து, வலது மோதிர விரலை உள்ளே இழுத்துவிட்டது. வேன் கதவின் கைப்பிடிக்குள் விரல் நுழையவில்லை. இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான்.

டாக்டர் ஊசியால் பட்டையை அறுத்து விரலை நிமிர்த்தினார், ஸ்டீராய்டும் போட்டார். அதோடு தினமும் பயிற்சி, ராத்திரியில் விரலை நேராகப் பிடித்துவைக்க ஒரு ஸ்பிளிண்ட். எல்லாம் சேர்ந்தால் திரும்ப மடங்குவதைத் தள்ளிப்போடப் பார்க்கலாம். அப்போதும் உறுதி கிடையாது. அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அங்கிள் சொன்னார்: “டாக்டர் ‘வேணும்னா போட்டுக்கோங்க’ன்னுதான் சொன்னாரு. எனக்கு வேணாம்லா.”

வெயில்

கெஞ்சிப் போடவைத்தேன். இரண்டு வாரத்தில் ஸ்பிளிண்ட் சுட்ட அப்பளம் மாதிரி நெளிந்து வந்தது. பள்ளி விடும்வரை சும்மா இருக்கும் நேரத்திலும் போடலாமே என்று வேன் டேஷ்போர்டில் வைத்திருக்கிறார். அது சூட்டில் இளகும் பிளாஸ்டிக். நெளிந்ததையே நாலு ராத்திரி கட்டிக்கொண்டு படுத்தும் இருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: “வெயிலுக்கே தாங்கலையேம்மா. என் விரலை இது எப்படித் தாங்கும்?”

மூக்கு

புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன். அவர் தூங்கியதும் மனைவி அதைக் கழற்றிவிடுகிறார் என்று தெரிந்தது. கிளினிக்குக்கு வரச்சொல்லி, ஏன் என்று கேட்டேன். புரண்டு படுக்கும்போதெல்லாம் அந்தக் கை தன் முகத்தில் விழுகிறது என்றார். ஒரு தலையணையை நடுவில் வைத்துக்கொள்ளக் கூடாதா? இத்தனை பேர் பாடுபட்டு நிமிர்த்திய விரல்! அவர் அசரவில்லை: “விரல் அவரோடது மிஸ். மூக்கு என்னோடது.”

கடிதம்

ஆறு மாதத்தில் விரல் மடங்கத் தொடங்கியது. டாக்டரிடமிருந்து ஒரு வரிக் கடிதம்: ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை.’ வேணும்னா என்று சொன்னவர் எழுதுகிற வரியா இது?

டாக்டர் விரலை நிமிர்த்திய முதல் வாரம் பயிற்சி செய்தீர்களா என்று அங்கிளிடம் அப்போதுதான் கேட்டேன். இல்லையாம். காயம் ஆறும்வரை கையை அசைக்காதீங்க என்று டாக்டரின் நர்ஸ் சொல்லியிருக்கிறார். நானோ மணிக்கு ஒரு தடவை நீட்டி மடக்கச் சொல்லியிருந்தேன். வேறு யார் என்ன சொன்னார்கள் என்று அவரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கிள் குரலை உயர்த்தாமல் கேட்டார்: “நீங்க ஒன்னு சொல்றீங்க, டாக்டர் ஒன்னு, நர்ஸ் ஒன்னு. மூணு பேரும் ஒரு நாள் ஒரே ரூம்ல உட்கார்ந்து சொல்ல முடியாதாம்மா?”

மூவரும் உட்கார ஒரு நாள் குறிக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம். விரல் மட்டும் லீவு எடுக்காமல் மடங்கிக்கொண்டிருக்கிறது.