நாளை தொடங்கும் காப்பீடு

பெருமாநல்லூர் சாலையில் பழைய கார் விற்கும் இடத்தில் அந்த இளைஞரைப் பார்த்தேன். நானும் கார் பார்க்கத்தான் போயிருந்தேன். ஒல்லியானவர். சட்டையில் வெட்டிய நூல் ஒட்டியிருந்தது. பனியன் கம்பெனியில் தையல் சரிபார்க்கும் செக்கிங் வேலை என்றார். காரின் பானெட்டை அவர் திறக்கவேயில்லை. இருக்கை உறையின் தையலைத்தான் கட்டைவிரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"தையல் நிக்குதுங்க. இதையே எடுத்துக்கறேன்."

லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றார். அவர் மனைவி கைக்குழந்தையோடு அதற்குள் பின்னால் ஏறிவிட்டார்.

"பழைய இன்சூரன்ஸ் முடிஞ்சுபோச்சுங்க. புதுசு நாளைக்குத்தான் ஆரம்பிக்குது. வண்டி இன்னைக்கு இங்கயே நிக்கட்டுங்க," என்றார் கணக்குப் பார்க்கும் பெண்.

"இன்னைக்குத்தானுங்க நல்ல நேரம். கோயிலுக்குத்தான போறோம், சாமி பாத்துக்காதுங்களா?"

"சாமி பாத்துக்குமுங்க. எதுக்கால வர்ற லாரிக்காரனும் பாக்கோணுமில்லீங்க?"

இளைஞர் சிரித்தார். சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் குலுங்கிக் கிளம்பியது. சாலையில் ஏறும்போது அவர் வலப்பக்கம் பார்க்கவில்லை.

மாலையில் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு விபத்துச் செய்தி வந்தது. எங்கே என்று கேட்பதற்கு முன்பே, காரில் கைக்குழந்தை இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

இன்றும் எந்த விபத்துச் செய்தி வந்தாலும் என் முதல் கேள்வி அதுதான்.