சுவரில் மாட்டிய லைசென்ஸ்

காலை ஏழு பத்து. முதலில் தெரிந்தது வானத்தைப் பார்த்துக் கிடந்த நான்கு சக்கரங்கள். மலையாளப் பக்கத்து மலையில், சக்குபள்ளத்துக்கு மேலே, ஏலக்காய்த் தோட்ட வளைவில் அருளப்பனின் ஜீப் கவிழ்ந்திருந்தது. வேலைக்குப் போன பதினொரு பேரில் பத்துப் பேருக்குச் சிராய்ப்பு. ராசாத்தி என்ற பெண்ணுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர், விபத்துச் சேதத்தைப் பார்த்து மதிப்பிடுகிறவன். அந்தப் பாதையில் வண்டி கவிழ்ந்தால், எந்தக் கம்பெனி என்றெல்லாம் பார்க்காமல் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"சார், கண்ணாடில இன்சூரன்ஸ்காரங்க ஒட்டுன பச்சை ஸ்டிக்கர் இருக்கு. அதையும் சேத்து போட்டோ எடுங்க" என்றார் அருளப்பன்.

ஜீப் ஸ்டாண்டின் செயலாளர் மணி அவரை முறைத்தார். "எலே, வண்டிய கவுத்துப் போட்டுட்டு போட்டோவுக்கு நிக்கியே, மாப்பிள்ளைன்னு நெனப்போ?"

"இன்சூரன்ஸ் இருக்குல்லா அண்ணாச்சி. ராசாத்தி அக்கா கேஸ் போட்டாலும் கம்பெனி பாத்துக்கிடும்."

அருளப்பனிடம் பாலிசித் தாளைக் கேட்டு வாங்கினேன். இன்சூரன்ஸ் விற்க ஒரு கம்பெனி அரசின் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் ஒவ்வொரு பாலிசியிலும் அச்சாகியிருக்கும். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். இல்லை. ஃபோனில் அரசின் வாகனப் பதிவைத் திறந்து வண்டி நம்பரைப் போட்டேன். பழைய பாலிசி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. புதியது எதுவும் ஏறவில்லை.

"இத எங்க எடுத்தீங்க?"

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்தப்ப ஸ்டாண்டுக்கே வந்து போட்டாங்க சார். எல்லா வண்டிக்கும். கட்டப்பனைக்கு அலைய வேண்டாம்னாங்க."

மணியின் குரல் தணிந்தது. "நாந்தான் கூட்டியாந்தேன். சும்மா இல்ல சார், ஆபீஸ்ல போயி லைசென்ஸ பாத்தேன். சீலு, கையெழுத்து, எல்லாம் பிரேம் போட்டு மாட்டிருக்கு."

பத்தரைக்கு மூவரும் அந்த ஆபீசுக்குப் போனோம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, மேஜைக்குப் பின்னால் ஆள் இல்லை. லைசென்ஸ் மணி சொன்ன இடத்தில்தான் இருந்தது, மலையாளத்தில். மணியும் அருளப்பனும் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் படித்தது எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில். நான் வாசித்துச் சொன்னேன். பஞ்சாயத்து கொடுத்த கடை லைசென்ஸ். என்ன வியாபாரம் என்ற கட்டத்தில் ஃபோட்டோஸ்டாட் என்று எழுதியிருந்தது.

அருளப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப கேஸு எம்மேலயா சார்?"

"ஆமா."

"வீட்டு மேலயும் வருமா?"

"வரலாம்."

அதன்பிறகு எந்த ஸ்டாண்டுக்குப் போனாலும், பாலிசியில் பதிவு எண் எங்கே இருக்கும் என்று விரலை வைத்துக் காட்டுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களும் காட்ட வேண்டும். வண்டி கவிழ்ந்த பிறகு அதைத் தேடிப் பயனில்லை.

அன்று, வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்ல, மணி ஒவ்வொரு டிரைவராக ஃபோனில் கூப்பிட ஆரம்பித்தார். ரோட்டில் கிடைக்கும் டவர் தோட்டத்துக்குள் கிடையாது. யாரும் கிடைக்கவில்லை. வாசலுக்கு வந்தோம். ஸ்டாண்டின் ஜீப் ஒன்று பெண்களை ஏற்றிக்கொண்டு இரண்டாவது நடை போய்க்கொண்டிருந்தது. முன் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் இருந்தது.