ஒன்பதடி பத்து அங்குலம்

வீட்டு வரைபடத்தில் அடி இல்லை. எல்லாம் மீட்டர். நான் படித்தது ஐந்தாவது. ஆனாலும் மீட்டரை அடியாக்கத் தெரியும். மூன்று மீட்டர் என்றால் ஒன்பதடி பத்து அங்குலம். வம்பு அதில்தான் வந்தது.

எமர்ஜென்சி முடிந்த சமயம். பேரையூரில் ஒரு வாத்தியாருக்கு வீடு கட்டினேன். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், கிறிஸ்தவ வேதக்காரர். படம் போட்டவர் மதுரையில் ஆபீஸ் வைத்திருந்த ஆர்க்கிடெக்ட். கூரைக்குச் சென்ட்ரிங் அடிக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பட்டறையில் அச்சில் வார்த்த கான்கிரீட் பலகைகள் லாரியில் வருமாம். சுவருக்குச் சுவர் தூக்கி வைத்தால் கூரை.

"இனிமே வீடெல்லாம் ஃபேக்டரியில தயாராகும் கொத்தனாரே. நீங்க அடுக்கினாப் போதும்."

"சோறும் அங்கயே ஆக்கிருவாகளா சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பலகை எல்லாம் ஒரே நீளம். அதற்குத் தக்கபடி அறை மூன்று மீட்டர்.

அஸ்திவாரம் முடிந்ததும் வாத்தியார் என்னைச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"அண்ணே, ரூம்பு உள்கூடு பத்தடி வர்ற மாதிரி வச்சிருங்க."

"படத்துல மூணு மீட்டருல்ல போட்டிருக்கு?"

"அது ஒம்பதுல நிக்குது. மனையடி சாஸ்திரத்துக்கு ஒம்பது ஆகாதுன்னு எங்க அய்யா ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"வேதக்காரக உங்களுக்கு என்ன சார் மனையடி?"

"பாத்தா ஃபாதர் வைவாரு. பாக்கலைன்னா எங்க அய்யா குடிவர மாட்டாரு. ரெண்டு இஞ்ச்தானே, சத்தமில்லாம வச்சிருங்க."

"ஆர்க்கிடெக்ட்கிட்ட ஒரு வார்த்த சொல்லீருங்க."

"அவரு சிரிப்பாருண்ணே."

கணக்குப் பார்த்தேன். படத்தின்படி பலகை இரண்டு பக்கச் சுவரிலும் ஆறு அங்குலம் உட்காரும். பத்தடி வைத்தால் ஐந்து. ஐந்து போதும். வைத்தேன். சுவர் முழு உயரம் எழும்பியது.

ஆர்க்கிடெக்ட் வந்து டேப்பைப் பிடித்தார். மூன்று மீட்டர் ஐந்து சென்டி. முகம் மாறிவிட்டது.

"அச்சுல வார்த்த பலகைக்கு மில்லிமீட்டர் கணக்கு. நீங்க குத்துமதிப்பா வச்சிருக்கீங்க. இடிங்க."

வாத்தியார் பக்கத்தில்தான் நின்றார். செருப்பு முனையால் மணலைக் கிளறினார்.

நான் இடிக்கவில்லை. பத்தடி கேட்டதை வாத்தியாரே சொல்லட்டும் என்று இருந்தேன். வேலை நின்றது. எட்டு நாள். கொத்தனாருக்கு டேப் பார்க்கத் தெரியாது என்று ஊரில் பேச்சு. டீக்கடையில் ஒருவன், "மாப்ள, ஒனக்கு டீய மீட்டர்ல ஆத்தச் சொல்லவா?" என்றான். அதுவரை நான் வைத்த சுவரை யாரும் இடிக்கச் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாள் ஆர்க்கிடெக்ட் மறுபடி வந்தார். சுவர் அப்படியே நின்றது. என்னை வைத்துக்கொண்டே வாத்தியாரிடம், "வேற ஆளைப் போட்டுருங்க சார்" என்றார்.

"சரி சார்" என்றார் வாத்தியார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் போறேன். பத்தடி எதுக்குக் கேட்டீகன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லீருங்க."

வாத்தியார் இங்கிலீஷில் சொன்னார். அவரும் இங்கிலீஷில் கேட்டார். என் சுவரைப் பற்றித்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நின்றேன். ஒருவழியாக ஆர்க்கிடெக்ட் தமிழுக்கு வந்தார்.

"முதல்லயே சொல்லியிருந்தா படத்துலயே பத்தடி போட்டிருப்பேனே. எங்க அப்பாவும் மனையடி பார்க்கிறவர்தான். கொத்தனாரே, பலகை உக்கார எவ்வளவு இருக்கு?"

"அஞ்சு இஞ்ச்."

"போதுமே! ஏன் சொல்லலை?"

"என்னைய யாரு சார் கேட்டா?"

படத்தில் பழைய எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இடிக்கச் சொன்னதைப் பற்றிப் பேச்சே இல்லை. வாத்தியாரும் பேசவில்லை. நாளைக்கே பலகை ஏற்றலாமா என்று கேட்டார்கள்.

பலகை ஒன்றைத் தூக்க ஆறு பேர் வேண்டும். என் ஆட்களில் நாலு பேர், வேலை இல்லையென்று உசிலம்பட்டிப் பக்கம் போய்விட்டார்கள். பஸ் ஏறிப் போய் அவர்களைக் கூட்டி வந்தேன். அதையும் நானே.