ஃபார்திங் டவுன்ஸ் மேட்டில் ஒரு மதியச் சாப்பாடு

மனைவி காலமானபின் ஞாயிற்றுக்கிழமைகள்தான் என்னைக் கொல்கின்றன. மற்ற நாட்களில் வேலை இருக்கிறது. இந்த ஜூன் மாதம், ஒரு ஞாயிறையாவது தனியாக வெளியே போய்ச் சமாளித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். இதுகூட முடியாவிட்டால் இனி வீடே கதி என்று பயமாக இருந்தது.

ரயிலில் லூயிஷாமிலிருந்து லண்டன் பிரிட்ஜ், அங்கிருந்து கோல்ஸ்டன் சவுத். காத்திருப்பதையும் சேர்த்து ஒரு மணித்தியாலம் வையுங்கள். லண்டன் பயண அட்டையான ஓய்ஸ்டர் கார்ட் செல்லும். பிறகு ஏற்றம். மூச்சு வாங்கும், வெட்கப்படாமல் நின்று நின்று ஏறுங்கள்.

மேலே ஃபார்திங் டவுன்ஸ். சுண்ணாம்புக் குன்றின்மேல் நீளமான புல்வெளி, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். உரம் காணாத மெலிந்த மண் என்பதால்தான் இத்தனை வகைப் பூக்களாம். மாடுகள் தம்பாட்டில் மேய்கின்றன. வானம்பாடி கண்ணுக்கு எட்டாத உயரத்தில் விடாமல் பாடுகிறது. “அங்கே பார்” என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

பசித்தது. புல் மூடிய சின்ன மேடு ஒன்று வசதியாகத் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் பிரித்தேன். நாயோடு வந்த ஒரு தமிழ்ப் பெண் குழம்பு வாசத்துக்கே நின்றிருக்க வேண்டும்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. நீங்கள் இருக்கிறது சவக்குழிக்கு மேல.”

“ஆரின்ரை குழி?”

“சாக்சன் காலத்து ஆக்கள். ஆயிரம் வருசத்துக்கு மேல. அந்தப் போர்டில போட்டிருக்கு.”

பலகையில் நான் பூக்களின் படத்தை மட்டும் பார்த்திருந்தேன். துள்ளி எழும்பினேன். “ஐயோ, பின்னேரம் கோயிலுக்கெல்லோ போக இருக்கிறன்!”

“இவ்வளவு பழைய செத்தவீட்டுக்குத் துடக்குத் தீட்டு ஒண்டும் இல்லை அண்ணை,” என்று அவர் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. நாய் இழுக்க, அவர் போய்விட்டார். மறுபடி நானும் புல்வெளியும்தான்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. கோயிலை விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்தேன். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். குளிக்காமல் கதிரை மேசை எதையும் தொட விடமாட்டாள். அன்று கதவைத் திறந்து, காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றாமல் நடுவீடுவரை போனேன். ஒருவரும் மறிக்கவில்லை. அங்கேயே நின்று அழுதேன். பிறகு நானாகவே போய்க் குளித்தேன்.

போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள், மேலே நிழல் குறைவு. நாயைக் கயிற்றில் பிடியுங்கள், வானம்பாடி தரையில்தான் கூடு கட்டும். மேடுகளில் உட்காராதீர்கள். தவறி உட்கார்ந்துவிட்டால், வீட்டில் இருப்பவரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். குளித்துவிட்டு வா என்று அவர் விரட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள்.