பரீட்சைக்கு மட்டும் நகரும் கண்டங்கள்

அவித்த முட்டையை ஓட்டோடு பாதியாக அறுத்து, இரண்டு கைகளிலும் தூக்கிக் காட்டுகிறார் புவியியல் வாத்தியார். "ஓடுதான் மேலோடு, நாம குடியிருக்கிற இடம். வெள்ளை, கவசம். மஞ்சள், கருவம். எழுதிக்கோங்க." ஒரு வருடம் மஞ்சள் சரியாக வேகாமல் மேசையில் ஒழுகியது. "வெளிக்கருவம் திரவம்" என்று அசராமல் சொல்லி, அதை மூன்று மதிப்பெண் கேள்வியாகவும் ஆக்கினார். பாடம் முடிந்ததும் பூமிக்கு மிளகுத்தூள் தூவி, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து தின்றுவிடுவார்.

கண்டங்கள் நகம் வளரும் வேகத்தில் நகர்வதை அவரைப்போல் தெளிவாக நடத்த அந்தப் பள்ளியில் ஆளில்லை. அதை அவரைப்போல் நம்பாத ஆளும் இல்லை. அட்டையில் வெட்டிய இரண்டு கண்டங்களின் கரைகளைக் கச்சிதமாகப் பொருத்திக் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்துவார். "பக்கத்து வீட்டுக்காரன் செருப்பும் என் காலுக்குப் பொருந்துது. அதுக்காக அது என் செருப்பா? பரீட்சைக்கு நகரும்டா. முடிஞ்சதும் நின்னுடும்."

வகுப்பு சிரிக்கும். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டாள். ஆண்டுத் தேர்வில் 'கண்டங்கள் நகர்வதில்லை' என்று தொடங்கி, செருப்பு உட்பட அரைப்பக்கம் எழுதினாள். திருத்தியவர் அவரேதான், அந்த விடைக்குச் சுழி போட்டவரும் அவரேதான். இரண்டு மதிப்பெண் குறைந்து தோல்வி. அதே வகுப்பில் இன்னொரு வருடம்.

முடிவு வந்த மறுநாள் மதியம் அவள் அம்மா, பேருந்து நடத்துநர், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சீருடையோடு ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டாள்.

"நீங்க சொன்னதைத்தானே சார் எழுதியிருக்கா?"

"வாயால சொல்றது வேறம்மா, பேப்பர்ல எழுதுறது வேற."

"எந்த வாய் சார்? பாடம் நடத்துற வாயா, முட்டை திங்கிற வாயா?"

பக்கத்து மேசைக் கணக்கு டீச்சருக்கு அவசரமாக இருமல் வந்தது.

"சார், நிசமா நகருதா, இல்லையா?" என்றாள் மகள். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் அவளுடைய விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். அத்தனையும் அவருடைய வாக்கியங்கள், அவரைவிட நல்ல கையெழுத்தில். இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்னதை நம்பியவள் இவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியைத்தான் அவர் தோற்கடித்திருந்தார்.

எழுந்துபோய், தலைமையாசிரியை அறைப் பக்கம் திறந்திருந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, தான் போட்ட சுழியின் மேல் குனிந்தார்.