பதினெட்டைத் தூக்கிய கதை

இன்று பாலிடெக்னிக் லேபில் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பத்து நிமிடம் நீடித்தது.

அடுத்த வாரம் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையைப் பார்க்கப் போகிறோம். பதினெட்டு நிறைந்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. பெயர்களைப் பதிகிற டேட்டாபேஸ் டேபிளில் வயதுக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. வயது பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும். வயது குறைந்தது பதினெட்டு இருக்க வேண்டும்.

லேப் மேடம் என்னைக் கூப்பிட்டார். "பதினெட்டு ஆனவன் பூஜ்யத்தைத் தாண்டித்தானடா வந்திருப்பான்? ரெண்டு எதுக்கு? வேண்டாததைத் தூக்கிடு."

எனக்கு வயது பதினேழு. எது வேண்டாதது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பதினெட்டைத் தூக்கிவிட்டு என் பெயரைப் போட்டேன். டேபிள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

பக்கத்தில் இருந்த மஞ்சுநாத் எட்டிப் பார்த்தான். "குரு, என் தங்கச்சியையும் சேத்துடு. யூகேஜி படிக்கிறா."

சேர்த்தேன். அதையும் ஏற்றுக்கொண்டது.

மேடம் வந்து பட்டியலைப் படித்தார். திட்டவில்லை. "யாருப்பா இது, அஞ்சு வயசுல டிப்ளமோ?" என்றவர், "பதினெட்டைத் திரும்பப் போடு" என்றார்.

போட்டேன். டேபிள் மறுத்தது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் விதியை மீறுகிறார்களாம்.

"அப்ப மீறினவங்கள நீயே வெளிய அனுப்பு."

முதலில் யூகேஜியை அனுப்பினேன். அப்போதும் மறுத்தது.

பிறகு என்னை அனுப்பினேன். உடனே ஏற்றுக்கொண்டது.

பயணம் முடிந்து நான்காவது நாள் என் பிறந்தநாள். தொழிற்சாலையை நான்கு நாள் தள்ளித் திறக்கிற அளவுக்கு யாருக்காவது அங்கே செல்வாக்கு இருந்தால் கமெண்டில் சொல்லவும்.